சேற்றின் கணக்கை யார் பார்ப்பது?

ஓர் ஏரியோ ஆறோ கெட்டுவிட்டது என்று நமக்கு எப்போது தெரிகிறது? நுரை பொங்கும்போது, நாற்றம் வீசும்போது, மீன் செத்து மிதக்கும்போது. உடனே செய்தி வருகிறது, அதிகாரிகள் வருகிறார்கள், பாட்டிலில் நீர் எடுத்துப் போகிறார்கள். ஈயம், காட்மியம், பாதரசம், ஆர்சனிக், குரோமியம் முதலிய கன உலோகங்கள் பெரும்பாலும் இப்படித் தம்மைக் காட்டிக்கொடுப்பதில்லை. நீர் தெளிந்திருக்கும், கரையில் கொக்கு நிற்கும், வலையில் இறாலும் விழும். அடியில் கிடக்கும் சேற்றில் மட்டும் நஞ்சு ஆண்டுக்காண்டு ஏறிக்கொண்டே போகும்.

பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த சதுப்பு நிலங்களின் பட்டியலில் இடம்பெறும் ராம்சர் தளங்களை இந்தியாவிலேயே அதிகமாக, 20 வரை, கொண்ட மாநிலம் தமிழ்நாடு. சென்னையின் பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 2022இல் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. சதுப்பு நிலங்களுக்கென்றே மாநில அரசு தனி இயக்கம் நடத்துகிறது. இவை மகிழ்ச்சி தரும் மாற்றங்கள். ஆனால், எல்லைக்கல் நடுவதும் ஆக்கிரமிப்பை அகற்றுவதும் பறவைகளைக் கணக்கெடுப்பதும் சதுப்பு நிலத்தின் மேற்பரப்பைக் காக்கும் வேலைகள். அடிச்சேற்றில் என்ன உலோகம் எவ்வளவு இருக்கிறது என்று ஆண்டுதோறும் அளந்து, அதை அங்கே வாழும் மக்களுக்குச் சொல்லும் ஏற்பாடு வராதவரை, பாதுகாப்பு என்று நாம் சொல்வது பாதி உண்மைதான்.

சேறு எழுதும் பேரேடு

சாக்கடை நீரை நுண்ணுயிர்கள் தின்று செரிக்கும். பல பூச்சிக்கொல்லிகள் வெயிலிலும் மண்ணிலும் மெல்லச் சிதையும். உலோகம் தனிமம், அதை எந்த நுண்ணுயிராலும் சிதைக்க முடியாது. அது இடம் மாறலாம், வேதி வடிவம் மாறலாம், இல்லாமல் போகாது.

ஆலைக் கழிவிலிருந்தோ மழைநீர் வடிகாலிலிருந்தோ வந்து விழும் உலோகம் நீரில் நெடுநேரம் கரைந்திருப்பதில்லை. களிமண் துகள்களின் மேலும், மட்கிய இலைதழையின் மேலும், இரும்பு, மாங்கனீசு ஆக்சைடுகளின் மேலும் ஒட்டிக்கொள்கிறது. ஆற்று நீர் உப்பு நீரைச் சந்திக்கும் கழிமுகத்தில் இந்த நுண்துகள்கள் ஒன்றோடொன்று திரண்டு கனத்து அடியில் படிகின்றன. நீரோட்டத்தைத் தளரச் செய்து, வண்டலைத் தங்கவைப்பது சதுப்பு நிலத்தின் இயல்பு. நகரத்து நீரை வடிகட்டித் தருவதாக நாம் பாராட்டும் அதே குணம்தான் அதை உலோகங்களின் கிடங்காகவும் ஆக்குகிறது. அதனால், மேலே உள்ள நீரில் இருப்பதைப்போல ஆயிரக்கணக்கான மடங்கு உலோகம் அடிச்சேற்றில் சேர்ந்திருக்க முடியும். ‘நீரில் அளவு வரம்புக்குள் இருக்கிறது’ என்று ஓர் அறிக்கை சொன்னால், அது பொய்யில்லை. ஆனால், அந்த நீர்நிலையைப் பற்றிய முழு உண்மையும் அதில் இல்லை.

சேறு ஒரு பேரேடு. ஒரு வட்டாரத்தில் எந்தக் காலத்தில் என்ன ஆலை வந்தது, என்ன கழிவு இறங்கியது என்பதெல்லாம் அதில் அடுக்கடுக்காகப் பதிவாகிறது. குழாயைச் செங்குத்தாக இறக்கி எடுக்கும் வண்டல் தூணை மெல்லிய துண்டுகளாக அறுத்து, ஒவ்வொன்றின் வயதையும் ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். சுமார் 22 ஆண்டு அரை ஆயுள் கொண்ட ‘ஈயம்-210’ என்ற கதிரியக்க ஐசோடோப்பு கடந்த நூறு ஆண்டுகளின் காலக்கணக்கைத் தருகிறது. ‘உலோகம் இயற்கையாகவே மண்ணில் உண்டே’ என்று ஆலைத் தரப்பு சொல்வது வழக்கம். உண்மைதான், ஆனால், ஆலைகளுக்கு முந்திய அடுக்கில் எவ்வளவு இருந்தது, பிந்திய அடுக்கில் எவ்வளவு ஏறியது என்று ஒரே தூணில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். களிமண்ணின் அளவு வேறுபடுவதால் வரும் மாற்றத்தை அலுமினியத்தின் அளவை வைத்துச் சரிசெய்துகொள்ளலாம். இயற்கை தந்தது எவ்வளவு, மனிதர் கொட்டியது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லும் முறைகள் அறிவியலில் அரை நூற்றாண்டாக இருக்கின்றன.

சேற்றில் படிந்த உலோகம் அங்கேயே அடங்கிக் கிடக்கும் என்று நிம்மதி கொள்ளவும் வழியில்லை. காற்றுப் புகாத கறுத்த சேற்றில் உலோகங்கள் சல்ஃபைடாகக் கட்டுண்டு கிடக்கின்றன. அதைத் தோண்டிக் கிளறி ஆக்சிஜன் படவிட்டால் சல்ஃபைடு சல்ஃபேட்டாக மாறுகிறது, அமிலத்தன்மை கூடுகிறது, உலோகம் விடுபட்டு நீரில் கரைகிறது. நீரில் உப்பு கூடினால், குளோரைடோடு சேர்ந்து காட்மியம் சேற்றை விட்டுக் கிளம்புகிறது. காற்றற்ற சேற்றில் வாழும் சில பாக்டீரியாக்கள் பாதரசத்தை மீத்தைல் பாதரசமாக்குகின்றன. பாதரசத்தின் வடிவங்களில் உயிர்களின் உடலுக்குள் எளிதில் ஏறுவதும், சிறு மீனிலிருந்து பெரிய மீனுக்கும் அதைத் தின்னும் மனிதருக்கும் படிப்படியாகச் செறிந்துகொண்டே போவதும் இதுதான். புயலும் வெள்ளமும் தூர்வாரும் இயந்திரமும் எப்போது வேண்டுமானாலும் இந்தப் பழைய நஞ்சைக் கிளப்பிவிடலாம்.

எண்ணூரின் சுமை

இதையெல்லாம் ஒரே இடத்தில் காண எண்ணூருக்குப் போனால் போதும். கொசஸ்தலை ஆறு கடலைச் சேரும் கழிமுகம் அது. பக்கிங்காம் கால்வாய் வழியாகப் பழவேற்காட்டு ஏரியோடு அதற்குத் தொடர்பு உண்டு. அலையாத்தி, உப்பளம், சேற்றுத்திட்டு என்று விரிந்து கிடந்த இந்தக் கழிவெளியை நம்பிக் காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், சிவன்படைக்குப்பம் போன்ற மீனவ ஊர்கள் வாழ்ந்தன. மடவையும் இறாலும் நண்டும் ஆளி என்னும் சிப்பியும் அவர்களுக்குச் சோறு போட்டன.

அதே இடத்தில்தான் அனல் மின் நிலையங்களை வரிசையாக நிறுவினோம். எண்ணூர் அனல் மின் நிலையம் 1970இல் தொடங்கி 2017இல் மூடப்பட்டது. வடசென்னை அனல் மின் நிலையம் 1994இலிருந்து இயங்குகிறது. வல்லூரில் 1,500 மெகாவாட் நிலையம் எழுந்தது. தெற்கே மணலியின் சுத்திகரிப்பு ஆலையும் வேதிப்பொருள் ஆலைகளும். கடலோரத்தில் துறைமுகம், நிலக்கரிக் குவியல்கள். நகரம் முழுவதற்கும் மின்சாரம் வந்தது. அதன் கழிவு ஒரு கழிமுகத்தின் தலையில் விழுந்தது.

இந்திய நிலக்கரியில் 30 முதல் 45 சதவீதம் வரை சாம்பல். நிலக்கரியில் ஆர்சனிக், ஈயம், குரோமியம், நிக்கல், பாதரசம் எல்லாம் மிகச் சிறு அளவில் இருக்கின்றன. கரி எரிந்து தீர்ந்ததும், ஆவியாகிப் போனது நீங்கலாக, இவை மிஞ்சும் சாம்பலில் செறிகின்றன. அந்தச் சாம்பலை நீரில் கரைத்துக் குழம்பாக்கிக் குழாய்கள் வழியே சாம்பல் குளத்துக்கு அனுப்புவது வழக்கம். துருப்பிடித்த குழாய்கள் உடைந்து, குழம்பு ஆற்றிலும் கழிவெளியிலும் கொட்டியது, ஆண்டுக்கணக்கில் கொட்டியது. ஆற்றின் தரை மேடாகிப் படகு தட்டுகிறது என்று மீனவர்கள் சொன்னார்கள். சாம்பல் குளத்தை ஒட்டியுள்ள செப்பாக்கம் மக்கள் கோடையில் சாம்பல் காற்றையும் மழையில் சாம்பல் நீரையும் சேர்த்தே அனுபவித்தார்கள். மீனவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2022 ஜூலையில் தீர்ப்பளித்தது. சாம்பலை அகற்றிக் கழிவெளியை மீட்க வேண்டும் என்பது அதன் சாரம்.

அடுத்த ஆண்டே, 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு கழிமுகத்தில் பரவியது. படகும் வலையும் அலையாத்தி வேர்களும் கறுத்துப்போன படங்களை நாடே பார்த்தது. மிதந்த எண்ணெயை மக்களே பக்கெட்டில் அள்ளினார்கள். கச்சா எண்ணெயில் நிக்கலும் வனேடியமும் உண்டு. கண்ணுக்குத் தெரிந்த எண்ணெய் அள்ளப்பட்டதும் நகரத்தின் கவனம் அகன்றது. அடியில் இறங்கியதைத் தொடர்ந்து அளப்பது எந்தத் துறையின் அன்றாடக் கடமை என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

சட்டம் இங்கே இரண்டு பலகைகளுக்கு இடையே இடைவெளி விட்டிருக்கிறது. 2017ஆம் ஆண்டின் சதுப்பு நில விதிகள், கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் வரும் சதுப்பு நிலங்களைத் தம் வரம்பிலிருந்து விலக்கி வைக்கின்றன. கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையோ முதன்மையாக எங்கே என்ன கட்டலாம், எங்கே கூடாது என்று பார்ப்பது. கழிமுகத்தின் அடிச்சேற்றுத் தரம் இரண்டுக்கும் நடுவே விழுந்துவிடுகிறது.

பள்ளிக்கரணையின் சிக்கல் வேறு விதம். ஒருகாலத்தில் பல்லாயிரம் ஏக்கர் பரந்திருந்த சதுப்பின் மீது நகரம் பல பத்தாண்டுகள் குப்பை கொட்டியது. பெருங்குடிக் கிடங்கில் பேட்டரியும் பெயிண்ட் டப்பாவும் மின்னணுக் கழிவும் சாப்பாட்டுக் கழிவோடு ஒன்றாகக் கிடந்து அழுகின. அந்தக் குவியலின் ஊடே இறங்கும் மழைநீர் உலோகங்களைக் கரைத்துக்கொண்டு சதுப்புக்குள் வடிகிறது. இப்போது பயோமைனிங் முறையில் குப்பை மலையைப் பிரித்து அகற்றுகிறார்கள். வரவேற்க வேண்டிய பணி. ஆனால், குப்பையை அகற்றினால் மலைதான் மறையும். கசிந்து இறங்கியது களிமண்ணில் இருக்கும். அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், கோவளம் கழிமுகம் என்று நீர் போகும் பாதை முழுவதும் அந்தச் சேற்றின் எல்லைதான். மீட்ட நிலத்தில் பூங்கா அமைக்கும் முன் அடிமண்ணைத் துளைத்துப் பார்த்துவிட்டார்களா என்று கேட்க நகரவாசிகளுக்கு உரிமை உண்டு.

எதை அளக்கிறோம்?

நம் மாசு அளவீட்டு முறை சாக்கடையை மனத்தில் வைத்து உருவானது. நாட்டின் மாசடைந்த ஆற்றுப் பகுதிகளை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பட்டியலிடுவது ‘பி.ஓ.டி.’ என்ற உயிர்வேதி ஆக்சிஜன் தேவையை வைத்துத்தான். லிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டினால் அந்தப் பகுதி மாசடைந்தது. அழுகும் கழிவு எவ்வளவு என்பதை இந்த அளவு சரியாகச் சொல்லும். ஈயம் அழுகுவதில்லை, ஆகவே அது பி.ஓ.டி. கணக்கில் ஏறுவதும் இல்லை. சாக்கடை குறைவாகவும் உலோகம் அதிகமாகவும் உள்ள ஒரு நீர்நிலை இந்தப் பட்டியலிலிருந்து தப்பிவிட முடியும்.

குடிநீருக்குத் தரம் இருக்கிறது: இந்தியத் தர நிர்ணயப்படி ஈயம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. விற்பனைக்கு வரும் மீனுக்கும் ஈயத்தின் உச்சவரம்பு கிலோவுக்கு 0.3 மில்லிகிராம். நீருக்கும் மீனுக்கும் நடுவே, மீன் மேயும் சேற்றுக்கும் இப்படி ஓர் அளவுகோல் வேண்டும். கனடா தன் கடல்சார் வண்டலுக்கு வழிகாட்டு அளவுகளை வகுத்திருக்கிறது. கிலோவுக்குக் காட்மியம் 0.7 மில்லிகிராம், ஈயம் 30.2, பாதரசம் 0.13. குளிர்நாட்டுக் கடலோரத்துக்கு வகுத்ததை எண்ணூருக்கு அப்படியே பொருத்த முடியாது. நம் வெப்பத்துக்கும் நம் களிமண்ணுக்கும் நம் கழிகளில் வாழும் இறாலுக்கும் நண்டுக்கும் ஏற்ற அளவுகளை நம் பல்கலைக்கழகங்களே வகுக்க வேண்டும். சேற்றில் உள்ள மொத்த உலோகத்தை மட்டும் பார்த்தால் போதாது. அதில் எவ்வளவு பங்கு எளிதில் விடுபட்டு உயிர்களுக்குள் போகக்கூடியது என்று பிரித்துச் சொல்வதே பயனுள்ள அறிக்கை.

தூர்வாரும் முன்

தூர்வாருவது நம் ஊரில் நற்செயல். ஏரியைத் தூர்வாரினால் நீர் கூடும். எடுத்த வண்டல் வயலுக்கு உரம். கரம்பை அடித்த நிலம் விளையும் என்பது உழவர்களின் நீண்ட அனுபவம். ஏரி, குளங்களின் வண்டலை உழவர்கள் கட்டணமின்றி எடுத்துச் செல்ல அரசு அனுமதிக்கிறது. வட்டாட்சியரே அனுமதி தரும்படி 2024இல் நடைமுறை எளிதாக்கப்பட்டது. மானாவாரிக் கிராமத்து ஏரிகளில் இது சிறந்த திட்டம். தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு இறங்கிய பாலாற்றுப் படுகை ஏரிக்கும், நகரத்துச் சாக்கடையும் பட்டறைக் கழிவும் சேரும் குளத்துக்கும் அதே அனுமதியை அதே வேகத்தில் தரலாமா? அந்த வண்டலில் குரோமியமோ காட்மியமோ இருந்தால், நீர்நிலையில் ஓரிடத்தில் கிடந்த நஞ்சை நாமே வண்டி வைத்து வயல்வயலாகப் பரப்பியவர்கள் ஆவோம். காட்மியத்தை நெற்பயிர் எளிதில் உறிஞ்சும். அது அரிசிக்குள் வந்துவிடும்.

கழிமுகங்களில் சிக்கல் இன்னும் கூர்மையானது. முகத்துவாரம் மணலால் அடைபடுவதும் அதைத் தூர்வாருவதும் எண்ணூருக்குப் பழகிய கதை. அலை உள்ளே வந்து போவது மீனவர்களுக்கும் மீனுக்கும் அவசியம். கடல் மணலை அள்ளுவதால் பெரிய தீங்கில்லை. சாம்பலும் ஆலைக் கழிவும் படிந்த உட்கழிச் சேற்றைச் சோதிக்காமல் கிளறுவதுதான் ஆபத்து. அள்ளிய சேற்றைக் கரையிலேயே குவித்து வைத்தால், அடுத்த மழையில் அது மறுபடி உள்ளேதான் வரும்.

ஜப்பான் கொடுத்த விலை

தாமதத்தின் விலை என்ன என்பதை ஜப்பான் உலகுக்குக் காட்டியிருக்கிறது. மினமாட்டாவில் சிஸ்ஸோ நிறுவனத்தின் ஆலை 1932இலிருந்து பாதரசக் கழிவை விரிகுடாவில் விட்டது. கை நடுங்கி, நாக்குக் குழறி, நடை தளர்ந்த மக்களின் நோய் 1956 மே மாதம் அதிகாரபூர்வமாகப் பதிவானது. கரிமப் பாதரசமே காரணம் என்று குமமோட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1959இல் சுட்டிக்காட்டினார்கள். அரசு அதை முறைப்படி ஏற்றது 1968இல். நோய் தெரிந்த பிறகும் 12 ஆண்டுகள் அந்தக் கழிவு கடலில் கலந்துகொண்டிருந்தது.

குழாயை அடைத்ததோடு துயரம் முடியவில்லை, அடிச்சேறு இருந்தது. 25 பிபிஎம் அளவுக்கு மேல் பாதரசம் கொண்ட சேற்றை 1977 முதல் 1990 வரை அள்ளினார்கள். சுமார் 15 லட்சம் கன மீட்டர். அதைக் கரையோரத்தில் தடுப்பெழுப்பி அடைத்து, மண்ணிட்டு மூடியதில் 58 ஹெக்டேர் புதிய நிலம் உருவானது. செலவு சுமார் 4,850 கோடி யென். நஞ்சேறிய மீன் வெளியே போகாதிருக்க விரிகுடாவின் வாயில் கட்டிய வலை 1974 முதல் 1997 வரை அங்கே இருந்தது. ஜின்சு ஆற்றங்கரையில் கமியோகா சுரங்கத்தின் காட்மியம் வண்டலோடு வயலில் படிந்து, எலும்பு முறியும் ‘இதாய்-இதாய்’ நோயைத் தந்தது. அங்கே வயல் மண்ணை மீட்கும் பணி 2012 வரை நீடித்தது. தொழில்நுட்பமும் பணமும் ஒழுங்கும் உள்ள நாட்டுக்கே இவ்வளவு காலம் பிடித்தது என்றால், நமக்கு முன்கூட்டியே தடுப்பதைத் தவிர வேறு மலிவான வழி கிடையாது.

சுமப்பவர்கள் யார்?

மீத்தைல் பாதரசம் தாயின் நஞ்சுக்கொடியைக் கடந்து கருவிலுள்ள குழந்தையின் மூளையை எட்டும். ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். குழந்தைகளின் அறிவு வளர்ச்சியையே அது பாதிக்கிறது. காட்மியம் சிறுநீரகத்தில் பல ஆண்டுகள் தங்கும். இவை ஒரே நாளில் ஆளைச் சாய்ப்பதில்லை. ஒரு பள்ளிக்கூடத்தில் பின்தங்கும் பிள்ளைகளாக, ஒரு தெருவில் கூடும் சிறுநீரக நோயாளிகளாகச் சிதறித் தெரியும். காரணத்தைச் சேற்றோடு இணைத்துக் காட்டும் பொறுப்பு பாதிக்கப்பட்டவர் தலையிலேயே விழும்.

கழியில் இடுப்பளவு நீரில் அமர்ந்து, பறியை வாயில் கவ்விக்கொண்டு, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களுக்குக் கையுறை கிடையாது. பிடித்ததில் விற்க முடியாததை வீட்டில் சமைப்பார்கள். நகரவாசி வேறு சந்தையில் வேறு மீன் வாங்கிக்கொள்வார். கழியை நம்பியவருக்கு அந்தத் தேர்வு இல்லை.

ஆகவே, இந்தச் செய்தியைச் சொல்லும் விதத்திலும் நமக்குப் பொறுப்பு உண்டு. ‘எண்ணூர் மீனில் விஷம்’ என்று மொத்தமாக ஒரு தலைப்பு வந்தால், குற்றம் செய்த ஆலைக்கு ஒரு நட்டமும் இல்லை. பிழைப்பை இழப்பவர் மீன் விற்கும் பெண்தான். எல்லா மீனும் ஒன்றுபோல் உலோகத்தைச் சேர்ப்பதில்லை. நீரை வடிகட்டித் தின்னும் ஆளியும் சேற்றில் வாழும் நண்டும் ஒரு விதம். கடலிலிருந்து வந்து திரும்பும் மீன் வேறு விதம். வகைவாரியாக, இடம்வாரியாகச் சோதித்துத் தமிழில் வெளியிட்டால் பீதிக்கு இடமிருக்காது. எந்த இடத்தில் எதைப் பிடிப்பதை நிறுத்த வேண்டும் என்று அரசு சொல்லுமானால், அந்த இழப்பை மாசு செய்தவரிடமிருந்து வாங்கி மீனவர்களுக்குக் கொடுப்பதும் அதே ஆணையில் இருக்க வேண்டும். மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டை, வேலூர் தோல் ஆலைகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996லேயே நாட்டின் சட்டமாக்கிவிட்டது. இது புதிய கோரிக்கை அல்ல.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, எண்ணூர், பள்ளிக்கரணை, பழவேற்காடு தொடங்கித் தொழிற்சாலைகளை ஒட்டிய எல்லாச் சதுப்பு நிலங்களுக்கும் அடிச்சேற்று வரைபடம் தயாரிக்க வேண்டும். அதே இடங்களில் ஆண்டுக்கு இருமுறை, மழைக்கு முன்னும் பின்னும், சேறும் நீரும் மீனும் ஆளியும் சேர்த்துச் சோதிக்கப்பட வேண்டும். முடிவுகள் ஊராட்சி அலுவலகத்திலும் மீனவர் கூட்டுறவுச் சங்கத்திலும் ஒட்டப்பட வேண்டும்.

இரண்டாவதாக, தொழிற்பகுதிகளில் தூர்வாரவும் வண்டல் எடுக்கவும் உலோகச் சோதனை கட்டாய முன்நிபந்தனையாக வேண்டும். ஒரு மாதிரியைச் சோதிக்கும் செலவு, கெட்டுப்போன ஒரு ஏக்கர் வயலை மீட்கும் செலவோடு ஒப்பிடக்கூடியதே அல்ல.

மூன்றாவதாக, ஊற்றை அடைக்க வேண்டும். சாம்பல் முழுவதையும் பயன்படுத்தும் பொறுப்பை அனல் மின் நிலையங்கள் மீதே சுமத்தும் ஒன்றிய அரசின் அறிவிக்கை 2021 டிசம்பர் 31இல் வந்தது. தவறினால் டன்னுக்கு 1,000 ரூபாய் இழப்பீடு. அதை ஏட்டில் விடாமல் வசூலிக்க வேண்டும். வசூலித்த பணம் அதே கழிமுகத்துக்குச் செலவாக வேண்டும். அலையாத்திக் கன்று நடுவது நல்லதுதான். ஆனால், குழாய் கசிந்துகொண்டிருக்கும்போது கன்று நடுவது கழிமுகத்தை மீட்பது ஆகாது.

நான்காவதாக, மாசடைந்த இடங்களைக் கையாள 2025இல் ஒன்றிய அரசு தனி விதிகளை அறிவித்திருக்கிறது. சந்தேகத்துக்குரிய இடங்களைக் கண்டறிந்து தெரிவிக்கும் கடமை அதில் மாவட்ட நிர்வாகத்துக்கும் உள்ளாட்சிக்கும் உண்டு. எண்ணூர்க் கழிவெளியின் அடிச்சேற்றையும் பெருங்குடியின் அடிமண்ணையும் அந்த விதிகளின்கீழ் கொண்டுவர மாநில அரசு முன்வர வேண்டும். திருவள்ளூர், சென்னை மாவட்ட நிர்வாகங்கள் வேறு யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.

இவற்றில் எதற்கும் புதிய கண்டுபிடிப்பு தேவையில்லை. ஆய்வகம் இருக்கிறது, சட்டம் இருக்கிறது, தீர்ப்பு இருக்கிறது, எந்தத் திட்டில் என்ன மாறியது என்று சொல்லக்கூடிய மீனவர்கள் இருக்கிறார்கள். மாதிரி எடுக்கப் போகும் அதிகாரி அவர்களுடைய படகிலேயே போகட்டும். எங்கே குழாய் இறக்க வேண்டும் என்று அவர்கள் காட்டுவார்கள். அந்த முதல் சோதனை முடிவு வெளியாகும் நாளிலிருந்துதான் எண்ணூரையும் பள்ளிக்கரணையையும் பாதுகாக்கிறோம் என்று அரசு சொல்வதை மக்கள் நம்ப முடியும்.